12 அங்குலக் கைச் சீலர்: ஒட்டுவதில் குறையில்லை, குறையெல்லாம் எர்த்தில்

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் கவரின் வாயைச் சூட்டில் ஒட்டும் இந்த மெஷின் நன்றாகவே ஒட்டுகிறது. துணி வேலைக்கான பொத்தான், மணி, கொக்கி மாதிரி சின்னச் சாமான்களைப் பாக்கெட் போட்டு அனுப்புவது என் வேலை. ஒரு நாளைக்கு 200 பாக்கெட்டாவது ஆகும். 300 வாட், 12 அங்குலம், மேல்கையை அழுத்தினால் சூடேறி, விளக்கு அணைந்ததும் இன்னும் ஒரு நொடி பிடித்து விட்டால் சீல் தயார். மெல்லிய பாலித்தீனுக்கு டயலில் 3, கொஞ்சம் தடித்த பாலிப்ரொப்பிலீனுக்கு 5. கையால் இழுத்துப் பார்த்தால் சீலுக்குப் பக்கத்தில் கவர்தான் கிழிகிறது, சீல் பிரிவதில்லை. இதற்கு மட்டும் மதிப்பெண் போடுவதென்றால் ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டுப் போயிருப்பேன். இந்த மெஷினைப் பற்றி இணையத்தில் எழுதியிருக்கிற எல்லோரும் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள், பெட்டி வந்த அன்றைக்கே.

நான் எழுதுவது ஒரு வருடம் கழித்து. நான் கொடுப்பது மூன்று. அதுவும் நாங்களே திறந்து சரிசெய்த பிறகு.

மூன்றாவது வாரம் இருக்கும், மழை நாள், தரை ஈரம், காலில் செருப்பில்லை. மெஷினின் பக்கவாட்டில் பெயின்ட் கொஞ்சம் பெயர்ந்திருந்த இடத்தில் இடது மணிக்கட்டு உரசியது, எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு கூச்சம். சட்டையில் நூல் ஏதாவது உரசியிருக்கும் என்று விட்டுவிட்டேன். பத்து நிமிடம் கழித்து மறுபடியும். இப்போது புறங்கையை வைத்து வேண்டுமென்றே தடவிப் பார்த்தேன் (செய்யக் கூடாத காரியம், நான் செய்தேன்), தெளிவாக விர்ரென்று இருந்தது. செருப்பைப் போட்டதும் ஒன்றுமில்லை. சரி, செருப்பு போட்டே வேலை பார்ப்போம் என்று அன்றைக்குப் பூராவும் வேலையை முடித்தேன் என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன். இப்படி எத்தனை பேர் செருப்பை நம்பி வருடக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்களோ.

மறுநாள் எலக்ட்ரீஷியன் நண்பர் ஒருவர் வேறு வேலையாக வீட்டுக்கு வந்தார். வயதில் மூத்தவர், நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். மெஷின் உடம்பில் டெஸ்டர் வைத்தேன், டெஸ்டர் விளக்கு எரிகிறது என்று சொன்னேன். "டெஸ்டர் எரியிறது பெரிய விஷயமில்ல தம்பி, எவ்வளவு கசியுதுங்கறதை அது சொல்லாது. எரியலைன்னாலும் கரன்ட் இல்லைன்னு அர்த்தம் இல்ல" என்றார். மீட்டர் வைத்தாலும், முதலில் கரன்ட் இருக்கிறது என்று தெரிந்த ஒரு இடத்தில் தொட்டுப் பார்த்து, அப்புறம் சந்தேகமான இடத்தில் பார்த்து, மறுபடியும் தெரிந்த இடத்தில் தொட்டுப் பார்ப்பார். நடுவில் மீட்டரே செத்துப் போயிருந்தால் எல்லா இடமும் பூஜ்யம்தான் காட்டும் என்பது அவர் கணக்கு.

அந்தக் கூச்சத்தை லேசாக நினைக்காதீர்கள் என்று அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். மனித உடம்புக்கு அரை மில்லி ஆம்பியர் போனாலே லேசாகத் தெரிய ஆரம்பிக்கும். 10 மில்லி ஆம்பியர் வாக்கில் தசை இறுகி, பிடித்த கையை விட முடியாமல் போகலாம். 30-ஐத் தாண்டிச் சில நொடிகள் நீடித்தால் மூச்சுக்கும் இதயத்துக்கும் ஆபத்து. நான் உணர்ந்தது மெஷினுக்குள்ளே வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் சுருளுக்கும் இரும்பு உடம்புக்கும் நடுவில் இயல்பாகவே கசியும் துளி மின்சாரம். எர்த் இருந்தால் அது சத்தமில்லாமல் எர்த் வழியே போயிருக்கும், எனக்குத் தெரிந்திருக்கவே இருக்காது. அது என் கை வழியாகப் போகிறது என்றால் எர்த் இல்லை என்று அர்த்தம். அப்படி எர்த் இல்லாத மெஷினில் நாளைக்கு அந்தச் சுருளின் இன்சுலேஷன் பழுதானால், அதே மணிக்கட்டில் அதே இடத்தில் முழு 230 வோல்ட் நிற்கும். ஈரக் காலும் ஈரக் கையுமாக உடம்பின் தடை ஆயிரம் ஓம் என்று வைத்துக்கொண்டால் 230 மில்லி ஆம்பியர். 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு (கரன்ட் அளவு மீறினால் தானாக விழும் ஸ்விட்ச்) அது ஒரு பொருட்டே இல்லை, அது பாட்டுக்கு நிமிர்ந்தே நிற்கும். எம்.சி.பி. இருப்பது ஒயரைக் காப்பாற்ற. ஆளைக் காப்பாற்ற 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி. (கரன்ட் வெளியே கசிந்தால் துண்டிக்கும் ஸ்விட்ச்) வேண்டும், அதோடு ஒழுங்கான எர்த்தும் வேண்டும்.

பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, பிளக்கின் தலை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மேசை மேலேயே வைத்துவிட்டு மீட்டரை எடுத்தார். பிளக்கின் எர்த் முனைக்கும் மெஷின் உடம்புக்கும் நடுவில் தொடர்பே இல்லை. அடிமூடியின் நான்கு திருகைக் கழற்றிப் பார்த்தால், பச்சை-மஞ்சள் ஒயர் இருக்கிறது! முனையில் வளைய லக் (திருகு நுழையும் உலோக வளையம்) போட்டு, அழகாக அழுத்தி, திருகும் போட்டு முடுக்கியிருக்கிறார்கள். ஆனால் பெயின்ட் மேலே. பவுடர் பெயின்ட் தடிமனாக இருக்கும், நல்ல இன்சுலேஷன் அது. திருகின் மரையாவது உலோகத்தைத் தொட்டிருக்கலாமே என்றால் அந்த ஓட்டைக்குள்ளும் பெயின்ட் இறங்கியிருந்தது. கண்ணால் பார்த்தால் எர்த் கொடுத்த மெஷின், மீட்டரில் பார்த்தால் எர்த் இல்லாத மெஷின். எனக்கு இந்த மெஷின் மேல் வந்த கோபத்துக்கெல்லாம் காரணம் இந்த ஒரு திருகுதான். எர்த் ஒயரே போடாமல் விட்டிருந்தால் கஞ்சத்தனம் என்று சொல்லலாம். போட்டுவிட்டு ஒரு தடவைகூட அளந்து பார்க்காமல் அனுப்பியிருப்பதை என்னவென்று சொல்வது?

லக் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு முடுக்கினார். இப்போது 0.3 ஓம், அதில் மீட்டர் ஒயரே 0.2 இருக்கும். அப்புறம் மெகர் (அதிக வோல்ட் கொடுத்து இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) கொண்டுவந்து 500 வோல்ட்டில், மின்சார முனைகளுக்கும் உடம்புக்கும் நடுவில் இன்சுலேஷன் பார்த்தார். எர்த் உள்ள இந்த வகைச் சாதனத்துக்கு 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது என்பது பரவலாக வைத்திருக்கும் அளவு. 20-ஐத் தாண்டியது. ஆக டிரான்ஸ்ஃபார்மர் நல்ல டிரான்ஸ்ஃபார்மர்தான். சாதாரண மல்டிமீட்டர் உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியை வைத்துத்தான் அளக்கிறது, அந்த வோல்ட்டில் தாங்கும் இன்சுலேஷன் 230-இல் தாங்கும் என்று சொல்ல முடியாது. அதனால் மல்டிமீட்டரில் முடிவிலி காட்டியது என்று நிம்மதியடைய வேண்டாம்.

எல்லாம் சரிசெய்து மெஷினை மாட்டினால், அட, மறுபடியும் கூச்சம். இந்தத் தடவை குற்றவாளி என் எக்ஸ்டென்ஷன் பெட்டி. மூன்று ஓட்டை இருந்தது, உள்ளே போன கேபிளில் இரண்டே ஒயர். மூன்றாவது ஓட்டை சும்மா அழகுக்கு. இதை மெஷின் மேல் பழியாகப் போட முடியாது, ஆனால் மெஷின் வாங்குகிறவர்கள் அன்றைக்கே தங்கள் பெட்டியையும் ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள். மூன்று முனை பிளக்கை இரண்டு ஓட்டையில் சொருக ஒரு அடாப்டர் போடுவது, எர்த் முனையையே உடைத்துவிடுவது, இதெல்லாம் இதே ஜாதி.

இனி மெஷினின் வடிவமைப்பில் எனக்குப் பிடிக்காத இன்னொரு விஷயம். இதற்கு ஆன்-ஆஃப் ஸ்விட்ச் கிடையாது. இந்த வகைக் கைச் சீலர்கள் நிறையவற்றில் இப்படித்தான். மேல்கை கீழே வரும்போது ஒரு மைக்ரோ ஸ்விட்ச் அழுந்துகிறது, டைமர் சொன்ன நேரத்துக்கு மட்டும் சூடு, அவ்வளவுதான். வேலை செய்யாத நேரத்தில் சூடாக இருக்காது என்பது நல்ல விஷயம், உண்மைதான். ஆனால் கை மேலே இருக்கும்போது மெஷின் ஆஃப் என்று நினைத்துக்கொள்கிறோம் பாருங்கள், அங்கேதான் வில்லங்கம். என்னுடையதில் அந்த மைக்ரோ ஸ்விட்ச், கரன்ட் வரும் லைன் ஒயரில் இல்லாமல், திரும்பிப் போகும் நியூட்ரல் பக்கத்தில் போட்டிருந்தது. அதாவது கை மேலே இருக்கும்போதும், விளக்கு எரியாதபோதும், டிரான்ஸ்ஃபார்மரின் முதல் சுருள் முழுவதும் 230 வோல்ட்டில் காத்துக்கொண்டிருக்கிறது. அடிமூடியைத் திறந்தால் விரல் நுழையும் தூரத்தில் அதன் முனைகள். அண்ணன் உள்ளே ஒயரை மாற்றி ஸ்விட்சை லைன் பக்கம் கொண்டுவந்தார். அப்படி மாற்றினாலும் ஸ்விட்ச் வரைக்கும் லைன் வந்து நிற்கத்தான் செய்யும், பிளக்கைத் திருப்பிச் சொருக முடிகிற இடமென்றால் லைனும் நியூட்ரலும் இடம் மாறிவிடும், மாற்றியதற்கும் அர்த்தமில்லை. ஆகவே இந்த மெஷினுக்கு ஒரே ஸ்விட்ச் பிளக்தான். சுவர் ஸ்விட்சை அணைத்தால் போதாதா என்றால், அதை நீங்கள் குனிந்து வேலை செய்யும்போது வேறொருவர் வந்து போட்டுவிடலாம். பிளக் கண்ணெதிரே மேசையில் கிடந்தால் அந்தக் கதை இல்லை.

கூட வந்த கையேட்டில் இது ஒரு வரிகூட இல்லை. எலிமென்ட் (கவரை ஒட்டச் சூடாகும் பட்டை) மாற்றுவது எப்படி என்று நான்கு படம் போட்டிருக்கிறார்கள். திருகைத் தளர்த்து, பழைய பட்டையை எடு, புதியதை மாட்டு, ஸ்பிரிங்கை இழுத்து விடு. முதல் படமாகப் பிளக்கைப் பிடுங்கும் படம் ஒன்று போட்டிருந்தால் அவர்களுக்கு என்ன செலவாகியிருக்கும்?

எலிமென்ட் மாற்றுவது பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் வீட்டிலேயே செய்யும் வேலை இதுதான். கீழே இருக்கும் நிக்ரோம் பட்டைக்கு மேலே ஒரு டெஃப்லான் துணி இருக்கும், அது எல்லோருக்கும் தெரியும், பழுப்பாகிக் கருகினால் மாற்றுகிறோம். பட்டைக்குக் கீழேயும் ஒரு இன்சுலேஷன் பட்டி இருக்கிறது. அதை யாரும் பார்ப்பதில்லை. அதுதான் பட்டையை அலுமினியக் கட்டையிலிருந்து பிரித்து வைக்கிறது. ஐந்தாவது மாதத்தில் எனக்குச் சீல் நடுவே ஒரு கரும்புள்ளி விழ ஆரம்பித்தது, அழுத்தும்போது டிக் என்று ஒரு சத்தமும் சின்னப் பொறியும். மேல் துணியை மாற்றினேன், போகவில்லை. கீழ்ப் பட்டி இரண்டு இடத்தில் ஓட்டையாகி, பட்டை கட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டு இடத்தில் தொட்டால் நடுவில் இருக்கும் பட்டையின் பங்கை அலுமினியமே எடுத்துக்கொள்ளும், பட்டையின் மொத்தத் தடை குறையும், மிச்சப் பட்டையில் ஆம்பியர் ஏறும், தொடும் இடத்தில் பொறி, டிரான்ஸ்ஃபார்மரும் கூடுதலாகச் சூடாகும். உதிரியாக அனுப்பியிருந்த பாக்கெட்டில் மேல் துணி இரண்டு, எலிமென்ட் இரண்டு. கீழ்ப் பட்டி இல்லை. தனியாக வாங்கி ஒட்டினேன்.

புதுப் பட்டை வாங்கும்போது அதே அகலம், அதே தடிமன், அதே நீளம். அகலமாகப் போட்டால் சீலும் அகலமாக வருமே என்று எனக்கும் ஆசை வந்தது. அகலம் கூடினால் தடை குறையும், இழுக்கும் ஆம்பியர் கூடும், அதைத் தாங்கும்படி அந்த டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றவில்லை. மாற்றியதும் இரண்டு முனை ஸ்பிரிங்கும் இழுவையோடு இருக்கிறதா என்று பாருங்கள். பட்டை சூடானால் நீளும், ஸ்பிரிங் இழுக்காவிட்டால் வளைந்து பக்கத்து உலோகத்தைத் தொடும்.

பட்டையில் கை பட்டால் ஷாக் அடிக்குமா என்று பலரும் கேட்கிறார்கள். என் மெஷினில் அளந்தபோது பட்டைக்கு வருவது 26 வோல்ட், அது ஷாக் அடிக்கிற அளவில்லை, சுடுகிற அளவு. ஆனால் இதை எல்லா மெஷினுக்கும் பொதுவாகச் சொல்ல மாட்டேன். டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டு சுருளும் தனித்தனியாக இருந்தால்தான் இந்தப் பேச்சு. ஒரே சுருளிலிருந்து கிளை எடுக்கும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் என்றால், பட்டையின் இரு முனைக்கும் நடுவில் 26 வோல்ட் காட்டினாலும் தரையோடு ஒப்பிட்டால் முழு 230-ம் நிற்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகு, பிளக்கின் லைன், நியூட்ரல் இரண்டு முனைகளிலிருந்தும் பட்டைக்குத் தொடர்பு இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள், மேல்கையை அழுத்தியும் ஒரு தடவை, விட்டும் ஒரு தடவை. சில ஓம் காட்டினால் அந்த மெஷினைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். என்னுடையதில் தொடர்பு இல்லை. அதற்கு அரை நட்சத்திரம் கூடக் கொடுக்கலாம்.

ஃப்யூஸ் விஷயத்திலும் நன்றாகச் செய்திருக்கிறார்கள். 300 வாட்டை 230-ஆல் வகுத்தால் 1.3 ஆம்பியர், உள்ளே 2 ஆம்பியர் மெதுவாக எரியும் ஃப்யூஸ் போட்டிருக்கிறது, மேலே டி (T) என்ற எழுத்து இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் தொடங்கும் கணத்தில் ஒரு திடீர் இழுப்பு இருக்கும் என்பதால் அந்த வகை. அது போனால் அதே வகை, அதே அளவு. ஒயர் இழை ஒன்றைச் சுற்றி ஓட்டுகிற வித்தையை இதில் காட்ட வேண்டாம். பவர் கேபிள் உள்ளே நுழையும் இடத்தில்தான் சொதப்பல். கிளாம்ப் எதுவும் இல்லை, உள்பக்கம் ஒரு முடிச்சு, அவ்வளவே. இழுபட்டால் தகட்டின் விளிம்பு கேபிள் தோலை அறுக்கும். ரப்பர் வாஷரும் கிளாம்பும் நாங்களே போட்டோம்.

பக்கத்துப் பட்டறையில் பெரிய சீலர் ஒன்று இருக்கிறது, கவர் தானாக நகர்ந்துகொண்டே ஒட்டும் பேண்ட் சீலர். அதில் சூடு எப்போதும் இருக்கும், சூடேற்றும் குச்சி ஹீட்டருக்கே நேராக 230 வோல்ட் போகிறது, கைச் சீலர் மாதிரி டிரான்ஸ்ஃபார்மர் நடுவில் இல்லை. சில வாரம் சும்மா இருந்த பிறகு மெஷினைப் போட்டால் ஆர்.சி.சி.பி. விழுந்துகொண்டே இருக்கிறது என்று ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி ஒயர் போட்டுவிட்டார்கள்! அந்தக் குச்சிக்குள்ளே அடைத்திருப்பது மெக்னீசியம் ஆக்சைடு தூள், அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், ஈரமானால் உடம்புக்குக் கசியும். ஹீட்டரைக் கழற்றி மிதமான வெப்பத்தில் காயவைத்து மெகரில் பார்த்திருந்தால் முடிகிற வேலை, இல்லையென்றால் புது ஹீட்டர். ஆர்.சி.சி.பி. சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, அதன் வாயை அடைத்துவிட்டார்கள். அண்ணன் போய்ச் சத்தம் போட்டு அந்த ஒயரைப் பிடுங்கிவிட்டு வந்தார். அதே மெஷினில் ஹீட்டரைப் போட்டு அணைக்க சாலிட் ஸ்டேட் ரிலே என்ற மின்னணு ஸ்விட்ச் வேறு இருக்கிறது, அது பழுதானால் பெரும்பாலும் கரன்ட் போகும் நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். கன்ட்ரோலர் ஆஃப் என்று காட்டும், ஹீட்டர் சூடேறிக்கொண்டே இருக்கும்.

என் மெஷினுக்குத் திரும்புகிறேன். ஒரு நாள் சீலரில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கைத் துடைக்க ஸ்பிரிட் நனைத்த துணியை எடுத்தேன், அப்போதுதான் நாற்பது ஐம்பது பாக்கெட் போட்டு முடித்திருந்தேன். அண்ணன் கையைத் தட்டிவிட்டார். ஸ்பிரிட் ஆவி, சூடான பட்டை, பொறி விடும் மைக்ரோ ஸ்விட்ச், மூன்றும் ஒரே இடத்தில். பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறிய பிறகு உலர்ந்த பருத்தித் துணி போதும். கவர் வைக்காமல் டயலை 8-இல் வைத்து வெறுமனே அழுத்திப் பார்க்கிற பழக்கமும் எனக்கு இருந்தது, அதையும் விட்டுவிட்டேன். டெஃப்லான் தொடர்ந்து தாங்குவது 260 டிகிரி வரைக்கும்தான், அதை வெகுவாகத் தாண்டினால் வரும் புகை நுரையீரலுக்கு ஆகாது. பாலித்தீன் உருக 110 முதல் 130 டிகிரியே போதும் எனும்போது டயலைத் திருகி என்ன சாதிக்கப் போகிறோம்.

விற்றவர்களுக்கு எர்த் பற்றிப் படத்தோடு எழுதினேன். மன்னிப்புக் கேட்டு இரண்டு நாளில் ஒரு பாக்கெட் அனுப்பினார்கள். பிரித்தால் எலிமென்ட் மூன்று, டெஃப்லான் துணி மூன்று. மறுபடியும் எழுதினேன், உத்தரவாதக் காலத்தில் அடிமூடியைத் திறந்ததால் உத்தரவாதம் செல்லாது என்று பதில் வந்தது. எர்த் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஒட்டும் வேலைக்கு ஐந்து, டிரான்ஸ்ஃபார்மருக்கும் ஃப்யூஸுக்கும் நான்கு, எர்த்துக்குப் பூஜ்யம், கையேட்டுக்கும் கேபிள் முடிச்சுக்கும் ஒன்று. சராசரி பார்த்தால் மூன்றுகூட வராது, பழகிய மெஷின் என்பதால் போட்டிருக்கிறேன். பெட்டியைப் பிரித்ததும் மாட்டுவதற்கு முன்னால் பிளக்கின் எர்த் முனைக்கும் உடம்பில் பெயின்ட் இல்லாத ஒரு திருகுக்கும் நடுவில் மீட்டர் வையுங்கள், ஒரு ஓமுக்கு மேல் காட்டினால் திறக்காமல் அப்படியே திருப்பி அனுப்புங்கள், நான் திறந்து மாட்டிக்கொண்ட மாதிரி மாட்டிக்கொள்ள வேண்டாம். இதே ஆட்கள் காலால் மிதித்து ஒட்டும் மாதிரி ஒன்றும் விற்கிறார்கள், அடுத்து அதைத்தான் வாங்கலாம் என்று இருக்கிறேன். தரையில் கிடக்கும் அந்த மிதி ஸ்விட்சுக்கு 230 வோல்ட் நேராக வருகிறதா, குறைந்த வோல்ட்டா என்று விளம்பரத்தில் போடவில்லை. வாங்கியவர் யாராவது திறந்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.